பிள்ளை ‘சரி’ என்று தலையாட்டினால் போதுமா? அமெரிக்காவில் சிறுவர்களைச் சோதனையிடும் விதிகள்

“பையைத் திற, பார்க்கலாம்” என்று போலீஸ்காரர் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் திறந்துவிடுவார்கள். மறுக்கலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றாது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் அந்தத் தலையாட்டலுக்குப் பெரிய பலன் உண்டு. சம்மதம் கிடைத்துவிட்டால் போலீஸுக்கு வாரண்டும் வேண்டாம், சந்தேகத்துக்கான காரணமும் வேண்டாம்.

நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் சிறுவர்களையும் காக்கிறது. சம்மதம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால் அது மிரட்டலோ நெருக்குதலோ இல்லாமல் வந்திருக்க வேண்டும். சுற்றியிருந்த சூழ்நிலை முழுவதையும் வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் சொன்னது. வயதும் அதில் ஒரு கணக்கு. எத்தனை அதிகாரிகள் சூழ்ந்து நின்றார்கள், குரலை உயர்த்தினார்களா, பிள்ளையால் அங்கிருந்து போக முடிந்ததா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். ஆனால் “நீ மறுக்கலாம்” என்று முன்கூட்டியே சொல்லும் கடமை போலீஸுக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. பெரியவர்களே தடுமாறும் இடம் இது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? வீட்டில் நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

சம்மதத்துக்கு எல்லை வைக்கலாம். பையைப் பாருங்கள், போனைத் தர மாட்டேன் என்று சொல்லலாம். பாதியில் நிறுத்தவும் சொல்லலாம். கைதானவரின் போனுக்குள் பார்க்கவே பொதுவாக வாரண்ட் வேண்டும் என்பது 2014 தீர்ப்பு. பிள்ளையே லாக்கைத் திறந்து கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும்.

வீட்டுக்குள் கதை வேறு. பிள்ளையின் அறையைப் பார்க்கப் பெற்றோர் அனுமதி தந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. பிள்ளை மட்டுமே சாவி வைத்திருக்கும் பூட்டிய பெட்டி என்றால் கேள்வி எழும்.

அப்புறம், பள்ளிக்கூடம். அரசுப் பள்ளி நிர்வாகத்துக்குச் சம்மதமும் தேவையில்லை, வாரண்டும் தேவையில்லை; நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். 1985-இல் நியூ ஜெர்சி வழக்கில் வந்த விதி இது. கழிப்பறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட 14 வயது மாணவியின் கைப்பையைத் துணைத் தலைமையாசிரியர் திறந்தது செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் மாணவரின் வயது, பாலினம், தவறின் தன்மை இவற்றுக்கு மிஞ்சிச் சோதனை போகக் கூடாது என்ற வரம்பையும் வைத்தது.

அந்த வரம்பு எவ்வளவு முக்கியம் என்பது அரிசோனாவில் தெரிந்தது. வலி மாத்திரை வைத்திருப்பதாகச் சந்தேகப்பட்டு 13 வயதுச் சிறுமியின் பையைப் பார்த்தார்கள். அதற்கு அவளே சம்மதித்திருந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு நர்ஸ் அறைக்குக் கூட்டிப்போய் உள்ளாடை வரை களையச் சொல்லி, அதையும் இழுத்துக் காட்ட வைத்தார்கள். அப்போதும் ஒன்றுமில்லை. பையைப் பார்த்தது சரி, ஆடையைக் களைய வைத்தது சாசன மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் ஆடை களையும் சோதனையைக் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் சட்டத்தாலேயே தடுத்திருக்கின்றன. தனியார் பள்ளிகளை நான்காவது திருத்தம் கட்டுப்படுத்தாது. அங்கே சேரும்போது கையெழுத்திட்ட விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது? “இந்தச் சோதனைக்கு எனக்குச் சம்மதம் இல்லை. அம்மா அப்பாவைக் கூப்பிடுங்கள்.” இதை நிதானமாகச் சொன்னால் போதும். ஓடக் கூடாது, கையைத் தட்டிவிடக் கூடாது. மறுத்த பிறகும் சோதித்தால் தடுக்க வேண்டாம். யார், எங்கே, என்ன கேட்டார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாகக் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று வழக்கறிஞர் பின்னால் சிறார் நீதிமன்றத்தில் வாதாட இந்தக் குறிப்பு உதவும்.