பிள்ளைகளின் சாட்டில் வரும் சுருக்கெழுத்துகள்: எதற்குக் கவலைப்பட வேண்டும்?

வளரிளம் பருவத்தினருக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. பிள்ளையின் சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வந்து, "இதுக்கு என்ன அர்த்தம் மேடம்?" என்று கேட்கும் பெற்றோர் அதிகம். பெரும்பாலும் அதில் பயப்பட ஒன்றும் இருக்காது. எல்ஓஎல் (வாய்விட்டுச் சிரிக்கிறேன்), ஓஎம்ஜி (அட கடவுளே) எல்லாம் 2011-லேயே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டன. 'ரிஸ்' என்றால் பேசிக் கவரும் சாமர்த்தியம்; 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு தேர்ந்தெடுத்த ஆண்டின் சொல் அதுதான். இதற்கெல்லாம் போனைப் பிடுங்க வேண்டாம். அர்த்தம் புரியாவிட்டால் பிள்ளையிடமே கேளுங்கள்; ஆசையாகச் சொல்லித்தருவார்கள்.

வேறு சில சொற்களைத்தான் நான் அப்படி விட்டுவிடுவதில்லை. 'கேஎம்எஸ்' என்றால் "என்னை நானே கொன்னுக்குவேன்". 'கேஒய்எஸ்' என்றால் "நீயே செத்துத் தொலை". 'அன்அலைவ்' என்பது சாவையும் தற்கொலையையும் குறிக்கும். நேரடியாக எழுதினால் சமூக ஊடகத் தளம் பதிவை நீக்கிவிடும் என்பதால் புழக்கத்துக்கு வந்தது.

சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. "நாளைக்கு டெஸ்ட், கேஎம்எஸ்" என்று நண்பர்கள் குழுவில் சிரிப்பு எமோஜியோடு போடுவது வெறும் புலம்பல். அதையே நள்ளிரவில், ஒரே ஒருவருக்கு, "இனி என்னால யாருக்கும் தொல்லை இருக்காது" என்ற வரியோடு அனுப்பினால் விஷயம் வேறு. கூடவே தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பிடித்த பொருள்களையும் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தால் தாமதிக்கவே கூடாது. "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று அன்றைக்கே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு, உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னொரு வகை, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வருவது. 'ஏஎஸ்எல்' வயது, பாலினம், இடம் மூன்றையும் கேட்கிறது. 'பிஓஎஸ்' என்றால் "அப்பா அம்மா பின்னால் நிற்கிறார்கள்". பிள்ளை இதை நண்பனுக்கு எழுதினால் கூச்சம், அவ்வளவுதான். "பிஓஎஸ்ஸா?" என்று அந்நியர் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டு, "வேற ஆப்புக்கு வா", "போட்டோ அனுப்பு" என்று நகர்ந்தால் அது வலைவிரிப்பு. அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டினால் மிச்சத்தை மறைத்துவிடும். பதற்றத்தில் சாட்டை அழித்துவிடவும் வேண்டாம். கணக்கின் பெயரோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன்பிறகு பிளாக் செய்து காவல்துறையில் புகார் கொடுங்கள்.