பழைய கோல்ட் ரிவால்வரின் நிறம் சொல்லும் சாட்சி

அமெரிக்கப் படை 1873ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட, கோல்ட் (Colt) நிறுவனத்தின் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' ரிவால்வரை மதிப்பிட அமர்பவர் முதலில் பார்ப்பது, குழலும் தோட்டா உருளையும் பொருந்தியிருக்கும் அதன் சட்டகத்தின் மேல் நீலமும் வைக்கோல் மஞ்சளும் பழுப்பும் கலந்து மேகம்போல் படர்ந்திருக்கும் நிறத்தைத்தான். ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த கோல்ட் தொழிற்சாலையில் இது அழகுக்காக மட்டும் பூசப்பட்ட வண்ணம் அன்று. எலும்புக் கரியோடு மூடிய பெட்டியில் வைத்துச் சூடேற்றும்போது கரிமம் இரும்பின் மேல்தோலுக்குள் ஊடுருவுகிறது. உடனே நீரில் அமிழ்த்தினால் உட்பகுதி முறியாத தன்மையோடு இருக்க, தோல் மட்டும் மிகக் கடினமாகிறது. அப்போது மேலே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால், நீர்மேல் மிதக்கும் எண்ணெயைப் போலவே அதுவும் ஒளியைப் பல நிறங்களாகக் காட்டுகிறது.

இப்படலம் கைபட்டும் வெயில்பட்டும் மங்கிவிடும். ஆகவே நூறாண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கியில், விரல் எட்டாத இடுக்குகளில் நிறம் எஞ்சியும், பிடிக்கும் இடங்களில் சாம்பல் பூத்தும் இருப்பதே இயல்பு. கைப்பிடி தேய்ந்திருக்க, சட்டகம் முழுவதும் பளபளத்தால் ஐயப்பட வேண்டும். மறுபடி நிறமேற்றுமுன் துருவைச் சக்கரத்தில் தேய்த்திருப்பார்கள். அதனால் திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழிந்து, கூரிய விளிம்புகள் உருண்டு, சட்டகத்தில் பொறித்த காப்புரிமைத் தேதிகளின் எழுத்துகள் ஆழம் குறைந்திருக்கும். போன உலோகத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது என்பதால், மங்கலான அசல் துப்பாக்கி, மின்னும் மறுமெருகுத் துப்பாக்கியை விடப் பெரும்பாலும் அதிக விலை பெறுகிறது; இது நியாயமென்றே எனக்குப் படுகிறது.

அடுத்தது வரிசை எண். சட்டகம், விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்பு, கைப்பிடியின் பின்புற உலோகப் பட்டையான பின்பட்டை ஆகியவற்றில் ஒரே எண் இருப்பது பொதுவாக நல்ல அடையாளம். ஆனால் குதிரைப்படைக்கான ஏழரை அங்குலக் குழல்களை 1890களில் ஐந்தரை அங்குலமாகக் குறைத்தபோது, பல துப்பாக்கிகளின் பாகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. எனவே 'ஆர்ட்டிலரி' (பீரங்கிப்படை) என்று சேகரிப்போர் அழைக்கும் அவ்வகையில் எண்கள் பொருந்தாமை குறையாகாது; அந்த வரலாற்றின் தடயமே அது.

இறுதியில் கோல்ட் நிறுவனத்தின் பழைய பதிவேடு உதவும். குழலின் நீளம், மேற்பூச்சு, அனுப்பிய நாள் முதலியவை அதில் உண்டு. பதிவேட்டில் நிக்கல் பூச்சு என்றிருந்து, கையிலுள்ள சட்டகத்தில் மேக வண்ணங்கள் தெரிந்தால், அந்த வண்ணம் பிற்காலத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது சட்டகமே மாற்றப்பட்டிருக்க வேண்டும்.