தைராய்டும் சரி, நடைப்பயிற்சியும் சரி. எடை மட்டும் ஏன் குறையவில்லை?

எடை இறங்கவில்லை என்றதும் பலரும் முதலில் தைராய்டு பரிசோதனைக்குத்தான் ஓடுகிறார்கள். முடிவு சரியாக இருந்தால் ஏமாற்றம். அடுத்த மாதம் வேறு பரிசோதனைக் கூடத்தில் மறுபடியும் அதே சோதனை. தைராய்டு குறைபாட்டால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடலில் தங்கும் உப்பும் நீரும். பதினைந்து கிலோ கூடியிருந்தால் பழியை முழுக்க அதன் மேல் போட முடியாது. குறைபாடு உறுதியாகி மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது காத்திருங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காபியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து முழுமையாக உடலில் சேராது.

பொது மருத்துவராக நான் முதலில் கேட்பது, வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பதைத்தான். பலரும் உணவைச் சொல்வார்கள், எண்ணெயைச் சொல்ல மாட்டார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 270 கலோரி தாளிப்பிலும் பொரியலிலும் தோசைக்கல்லிலும் போய்விடுகிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 150 முதல் 200 கலோரி. செக்கெண்ணெய் என்பதாலும் கலோரி குறையாது.

‘ஆரோக்கியமான உணவு’ என்று நாம் நம்பும் பலவற்றிலும் இதே சிக்கல்தான். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. அதே அளவு கேழ்வரகு, வரகு, சாமையில் 320 முதல் 350 வரை. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், நல்ல உணவு, நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் அளவு பார்க்காமல் உண்டால் எடை இறங்காது. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்ட சத்துமாவுக் கஞ்சி, மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ‘பழம்தானே’ என்று பிழிந்து குடிக்கும் சாறு என ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் நூறு கலோரிக்கு மேல் இருக்கும்.

1992-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை ஆய்வாளர்கள் துல்லியமாக அளந்தார்கள். உண்மையில் உண்டதில் ஏறக்குறைய பாதியைத்தான் அவர்கள் கணக்கில் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பையோ பாதி அளவு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. சமைக்கும்போது ருசி பார்ப்பதும், பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் உண்பதும் யார் நினைவில் நிற்கும்? அதனால்தான் “வாயைக் கட்டு” என்று ஏசுவதை விட்டுவிட்டு, ஒரு வாரம் உண்ட உடனேயே எழுதிவரச் சொல்கிறேன்.

எழுதிப் பார்த்தும் கணக்கு உதைத்தால், மருந்துச் சீட்டை எடுங்கள். இதை மருத்துவர்களாகிய நாங்களே போதிய அளவு கேட்பதில்லை என்பது என் வருத்தம். சர்க்கரை நோய்க்கான இன்சுலின், கிளிமிபிரைடு, பியோகிளிட்டசோன், வலிப்புக்கான வால்புரோயேட், மனநலத்துக்கான ஒலன்சபின், தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், ஸ்டீராய்டுகள் எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தையோ நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டையோ திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள். பல நேரங்களில் மாற்று மருந்து உண்டு.

பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் போலக் கருமை படர்ந்திருந்தால் அது அழுக்கு அல்ல, தேய்த்தாலும் போகாது. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். மாதவிலக்கும் தள்ளிப்போனால் பிசிஓஎஸ் என்னும் ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, பகலில் கண்ணைச் சொக்குவது ஆகியவை இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்துவையுங்கள். பளுப்பயிற்சி செய்பவர்களுக்கு எடை அப்படியே நிற்க, இடுப்பு மட்டும் சுருங்குவது உண்டு. அது நல்ல முன்னேற்றம்தான்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கிய பொடி இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முகம் உருண்டு, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, மாடிப்படி ஏறத் தொடை வலுவிழந்து, லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போகிறது என்றால், அது உடலில் ஸ்டீராய்டு மிகுந்ததன் அடையாளமாக இருக்கலாம்; அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.