எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்: எத்தனை டெராபைட் என்பதற்கு முன் கேட்க வேண்டியவை

வீட்டுக் கணினிக்கு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது கொள்ளளவைத்தான். பழுதான டிஸ்குகளிலிருந்து தரவை மீட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால், எனக்கு வேறொன்றைக் கேட்கத் தோன்றும்: அதில் வைக்கப்போகும் படங்களும் ஆவணங்களும் வேறெங்காவது இருக்கின்றனவா? என் மேசைக்கு வருபவற்றில் பல, பேக்கப்புக்கென்றே வாங்கப்பட்டவை. கணினியில் இடம் போதவில்லை என்று திருமண வீடியோவையும் குழந்தைகளின் படங்களையும் அதற்கு மாற்றிவிட்டு, கணினியில் இருந்தவற்றை அழித்துவிட்டிருப்பார்கள். அப்படி அழித்த பிறகு அது பேக்கப் அல்ல, இருக்கும் ஒரே பிரதி. ஆகவே 4 டெராபைட்டில் ஒன்று வாங்குவதைவிட, விலை சற்றுக் கூடினாலும், 2 டெராபைட்டில் இரண்டு வாங்கி, ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பதே நல்லது.

கடைகளில் கிடைப்பவை மூன்று வகை. 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொரு டெராபைட்டுக்கும் மலிவாக விழும். ஆனால் அதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். கணினியை யூபிஎஸ்ஸில் செருகிவிட்டு இந்த அடாப்டரை மட்டும் சாதாரண பிளக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு; மின்சாரம் போனால் கணினி ஓடிக்கொண்டிருக்க, டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிடும். வீட்டிலுள்ள வேறொரு கருவியின் அடாப்டர் முனை பொருந்துகிறதே என்று செருகி, வோல்ட் மாறியதால் சர்க்கியூட் போர்டு எரிந்து வந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். அடாப்டர் வந்தவுடன் அதன்மேல் டிஸ்க்கின் பெயரை எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு அது வசதி. அதன் பகை அடியும் குலுக்கலும். சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில்தான் படிக்கும் முனை மிதக்கிறது. ஓடும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டை உரசிவிடும், உரசிய பகுதியில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. விளம்பரத்தில் யாரும் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் பெட்டியைத் திறந்தால் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க் (எந்தக் கணினியிலும் நேரடியாக மாட்டக்கூடிய பொதுவான இணைப்பு வகை) இருக்கும். யூஎஸ்பி சாக்கெட் உடைந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படித்துவிடலாம். இப்போது பல மாடல்களில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் சொந்த போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. சிலவற்றில், நீங்கள் கடவுச்சொல் எதுவும் போடாவிட்டாலும், போர்டில் உள்ள சிப் தரவை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்தே எழுதுகிறது. அந்தச் சிப் போனால் தட்டில் இருப்பது வெறும் குப்பை எழுத்து. தனியாக ஒரு சாட்டா டிஸ்க்கும் அதற்கேற்ற கேசிங்கும் வாங்கிப் பொருத்திக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. நான் என் வீட்டுக்குப் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

மூன்றாவது வகை எஸ்எஸ்டி; சுழலும் தட்டுக்குப் பதில் மெமரி சிப்புகளில் தரவை வைப்பது. இதில் அசையும் பாகம் கிடையாது; கைதவறி விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும்; சாதாரண டிஸ்க் நொடிக்கு நூற்றுச் சொச்சம் மெகாபைட் தரும் இடத்தில் இது 500ஐத் தொடும். அன்றாடம் பையில் எடுத்துச் செல்ல இதுவே சரி. ஆனால் முன்னறிவிப்பின்றிச் செயலிழந்துவிடும் வழக்கம் இதற்கு உண்டு. மேலும், எழுதி எழுதித் தேய்ந்து, எழுதும் ஆயுள் முடிந்த எஸ்எஸ்டி மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கு சிப்புகளுக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வைத்திருக்கும் தரம். புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், பீரோவில் பூட்டி ஆண்டுக்கணக்கில் மறந்துவிடும் பொருள் அல்ல இது.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டெராபைட் எஸ்எஸ்டி கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள். உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை வைத்து, கணினியிடம் பொய்க் கொள்ளளவைச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அதன்பின் எழுதுபவை காணாமல் போகும், அல்லது பழையவற்றின் மேலேயே எழுதப்படும். அதே சமயம், 2 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 1.81 என்று காட்டுவது மோசடி அல்ல. நிறுவனம் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது.

பெரிய கோப்புகளை நகலெடுக்கையில் திடீரென்று வேகம் படுத்துவிட்டால் பதறிக் கேபிளைப் பிடுங்க வேண்டாம். இன்றைய 2.5 அங்குல டிஸ்குகள் பலவும் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுபவை. முதலில் வேகமாக எழுதிவைக்கும் தற்காலிக இடம் நிரம்பியதும் வேகம் குறைவது அவற்றின் இயல்பு. விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்துவதானால் இரண்டுமே படிக்கவும் எழுதவும் கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளலாம்.

வாரண்டி டிஸ்க்குக்குத்தான், அதிலுள்ள தரவுக்கு அல்ல. ஆகவே வாங்கியவுடன், கடையின் மாற்றிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், டிஸ்க்கை எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற சோதனை மென்பொருளால் முழுவதும் நிரப்பிச் சரிபாருங்கள். பிறகு டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பழுதான செக்டர்களின், அதாவது தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின், எண்ணிக்கையைப் பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது பூஜ்யமாக இல்லாவிட்டால், ரசீதுடன் அன்றே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.