ஓடும் மோட்டாருக்குள் ஒரு குழி

மோட்டாரைக் கழற்றாமலே அதன் பேரிங் பழுதாகியிருப்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்தான் பேரிங்: தண்டோடு சுற்றும் உள் வளையம், நகராத வெளி வளையம், இரண்டுக்கும் இடையே உருளும் குண்டுகள். பழுது என்று மட்டும் அல்ல, அது வெளி வளையத்திலா, உள் வளையத்திலா, குண்டிலா என்பது வரை, மேலே பொருத்திய ஓர் உணரியைக் கொண்டே சொல்லிவிட முடிகிறது.

இத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்றிவிடலாமே என்றால், அதற்குப் பெரிய பயன் இல்லை. யுனைட்டட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் 1978இல் அளித்த அறிக்கையின்படி, அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 89 விழுக்காட்டுக்கு வயது வரம்பு வைப்பதால் நன்மை எதுவும் கிடைக்கவில்லை. பேரிங்கிலும் ஆயுள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகிறது. தயாரிப்பாளரின் பட்டியலில் அச்சிட்டிருக்கும் ஆயுட்காலம், நூற்றில் தொண்ணூறு பேரிங்குகள் தாண்டக்கூடிய எல்லையே தவிர, கையில் இருக்கும் அந்த ஒன்றின் ஆயுள் அன்று. ஆகவே ஒவ்வொரு பேரிங்கையும் ஓடும்போதே கவனிக்க வேண்டியிருக்கிறது.

கவனிக்கும் கருவி எளியது. அழுத்தினால் மின்னூட்டம் வெளிப்படுத்தும் படிகம் ஒன்றும் அதன் மேல் சிறு எடையும் கொண்ட முடுக்கமானியைப் பேரிங்கின் கூட்டின்மீது பொருத்தினால், அதிர்வு மின் குறிகையாக மாறிக் கணினிக்கு வந்துவிடும்.

இனிதான் சுவையான பகுதி. பரவலாகப் பயன்படும் 6205 என்ற பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அதில் 9 குண்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.94 மி.மீ. விட்டம், அவற்றின் மையங்கள் 39.04 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சுற்றுகின்றன. நகராத வெளி வளையத்தில் ஒரு சிறு குழி விழுந்துவிட்டால், தண்டு ஒரு முறை சுற்றுவதற்குள் எத்தனை குண்டுகள் அதைக் கடக்கும்? பள்ளி வடிவியலே விடை தரும்: 3.585. சுழலும் உள் வளையத்தில் குழி இருந்தால் 5.415. நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று ஓடும்போது, முதலாவது 89.6 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 89.6 மோதல்), இரண்டாவது 135.4 ஹெர்ட்ஸ். தண்டின் எடைச் சமமின்மை, விசிறி இதழ்கள், தண்டில் பூட்டிய பற்சக்கரம் ஆகியவை எழுப்பும் அதிர்வுகள் 25இன் முழு எண் மடங்குகளிலேயே விழும். பேரிங்கின் எண் மட்டும் பின்னமாகத் தனித்து நிற்கிறது. குண்டுகள் சற்றே வழுக்குவதால் கணக்குக்கும் அளவீட்டுக்கும் ஓரிரு விழுக்காடு வேறுபாடு வருவதும் இயல்பே.

ஆனால் அந்த 89.6 ஹெர்ட்ஸை அதிர்வில் நேரடியாகத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஒவ்வொரு மோதலும் நுண்ணியது, மிகக் குறுகியது. தாழ்ந்த அதிர்வெண்களில் மற்றப் பாகங்களின் பேரதிர்வு அதை மூழ்கடித்துவிடுகிறது. எனினும் மோதல் குறுகியதாக இருப்பதாலேயே, அதன் ஆற்றல் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவி, பேரிங்கையும் கூட்டையும் அவற்றின் இயல்பான அதிர்வெண்ணில் ஒலிக்கச் செய்கிறது. அந்த ஒலிப்பு சில மில்லி நொடிகளில் அடங்கி, அடுத்த குண்டு மோதியதும் மீண்டும் எழுகிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்களில் மற்றப் பாகங்களின் ஆரவாரம் மிகக் குறைவு. எனவே அந்த உயர்ந்த பட்டையை மட்டும் வடிகட்டி எடுத்து, ஒலிப்பின் சுருதியை விட்டுவிட்டு, அதன் வீச்சு ஏறி இறங்கும் போக்கை மட்டும் வரைந்தால், மறைந்திருந்த 89.6 ஹெர்ட்ஸ் தெளிவாக மேலே வந்துவிடும். ஏ.எம். வானொலிப் பெட்டி, குரலைச் சுமந்துவரும் ஊர்தி அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பதும் இதே முறையில்தான்.

உள் வளையக் குழியின் சுவடு இதைவிடவும் அழகானது. தண்டின் எடையைத் தாங்குவது வளையத்தின் கீழ்ப்பகுதி. தண்டோடு சுற்றும் குழி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை அந்தப் பளுவுக்குள் நுழைந்து வெளியேறுவதால், மோதல்கள் வலுத்தும் மெலிந்தும் வருகின்றன. ஆகவே 135.4இன் இருபுறமும் 25 ஹெர்ட்ஸ் தள்ளி, 110.4இலும் 160.4இலும் துணை முகடுகள் முளைக்கின்றன. அவற்றைக் கண்டதும் குழி சுழலும் வளையத்தில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழுது முற்றும்போது குழியின் கூர்விளிம்பு தேய்ந்து, குழிகள் பெருகி, தனித்தனி மோதல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கூரிய அறிகுறி அப்போது தணியவும் கூடும். அதை நலமடைந்ததாகக் கொண்டால் விபத்துதான்.

இத்துறையில் பழுதை முன்கூட்டியே கணிக்கும் மென்பொருளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பகுதியாவது, பேரிங்கை இயல்பாகவே பழுதாகும் வரை ஓட்டிப் பதிவுசெய்யும் சோதனை மேடைகளுக்குச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலகெங்கும் ஆய்வாளர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் தரவுத் தொகுப்புகளுள் ஒன்று, அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்டது; அதில் உள்ள பழுதுகள் மின் தீப்பொறியால் செயற்கையாகக் குடைந்தவை, மிகச் சிறியதன் விட்டம் 0.18 மி.மீ. ஒழுங்காக வெட்டிய அந்தக் குழியை இனங்காணும் நிரல், உலோகம் களைத்துச் செதிலாக உதிர்ந்த குழியிலும் அதே திறனோடு இயங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

உண்மையான பழுதுகளின் பதிவுகள் இயந்திரப் பராமரிப்புச் சேவை தருவோரிடமே சேர்கின்றன. 1962இல் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் விமான எஞ்சினுக்குப் பறந்த மணிக்கணக்கில் கட்டணம் பெற்றுக்கொண்டு பராமரிப்புப் பொறுப்பைத் தானே ஏற்றது. அத்தகைய ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பழுதும் தயாரிப்பாளருக்கே செலவு என்பதால், உணரிகளைப் பொருத்திப் பதிவுகளைத் திரட்ட அவருக்கே அக்கறை பிறக்கிறது. கழற்றிய பேரிங்கின் படத்தையும், அது ஓடிய கடைசி மாதங்களின் அதிர்வுப் பதிவையும், வாடிக்கையாளரின் அடையாளத்தை நீக்கிவிட்டுப் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற ஒரு விதியை இத்தகைய ஒப்பந்தங்களிலேயே சேர்க்கலாம்.