முப்பது என்றால் எதில் முப்பது?

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் விழுந்து, சேலத்தில் நான் பணியாற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறவர்களின் உறவினர்கள் அண்மைக்காலமாக ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: “முப்பது வரைக்கும் சட்டத்துலயே விட்டிருக்காங்க சார், இவன் முப்பது மில்லிதான் போட்டிருந்தான்.” சென்ற ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னவர், தொடை எலும்பு முறிந்து கிடந்த ஒரு பையனின் தாய்மாமன். அவர் பொய் சொல்லவில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார். இந்த நம்பிக்கை இவ்வளவு பரவியிருப்பதைக் கண்ட பிறகும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் அது குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்த 30 என்பது டம்ளரில் ஊற்றிய மதுவின் அளவு அன்று, உடலுக்குள் போய் இரத்தத்தில் கலந்து நிற்கும் ஆல்கஹாலின் எடை. மில்லிலிட்டர் பருமனைக் குறிக்கிறது, மில்லிகிராம் எடையைக் குறிக்கிறது. நம் கடைகளில் விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஆகவே 30 மில்லி கொண்ட ஒரு பெக்கில் ஏறக்குறைய 10 கிராம், அதாவது 10,000 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது உடலிலுள்ள நீர் முழுவதும் பரவுவதால்தான் இரத்தத்தில் சில பத்து மில்லிகிராமாகத் தெரிகிறது.

எவ்வளவு தெரியும் என்பதைக் கணக்கிட, சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். கிலோவில் உள்ள உடல் எடையை ஆண்களுக்கு ஏறத்தாழ 0.68-ஆலும் பெண்களுக்கு 0.55-ஆலும் பெருக்கி, உட்கொண்ட ஆல்கஹாலின் கிராம் எடையை அந்த எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் 100 மில்லிலிட்டர் இரத்தத்திலுள்ள மில்லிகிராம் கிடைக்கும். அதன்படி 70 கிலோ எடையுள்ள ஆண் ஒரு பெக் குடித்தால் 20 மில்லிகிராமுக்குச் சற்று மேலும், 50 கிலோ ஆணுக்கு ஏறக்குறைய 30-உம், அதே எடையுள்ள பெண்ணுக்கு 35-க்கு மேலும் வரக்கூடும். மில்லியில் வரும் 30-உம் மில்லிகிராமில் வரும் 30-உம் சிலருக்கு இப்படி அருகருகே வந்துவிடுவது வெறும் தற்செயல். அந்தத் தற்செயல்தான் தவறான நம்பிக்கைக்கு வலுச் சேர்க்கிறது. ஒரு பெக்கோடு எழுந்துவிடுகிறவர்கள் மிகச் சிலர்தான். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரை வேகமாக முடித்தால் 70 கிலோ மனிதருக்கே 125-ஐத் தாண்டும்; சட்டம் வைத்த வரம்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இவையெல்லாம் மதிப்பீடுகள். எவ்வளவு குடிக்கலாம் என்று முடிவு செய்ய யாரும் இந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்த குழப்பம் சதவீதத்தால் வருகிறது. 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பதையே 0.03 சதவீதம் என்றும், லிட்டருக்கு 0.3 கிராம் என்றும் எழுதலாம். ஆய்வக அறிக்கையில் வரும் ‘டெசிலிட்டர்’ என்பதும் 100 மில்லிலிட்டர்தான். அமெரிக்காவிலுள்ள உறவினர் சொல்லும் 0.08 நம் கணக்கில் 80 மில்லிகிராம். அந்த வரம்பு இங்கே செல்லாது. இணையத்தில் வாங்கும் மலிவான ஊதும் கருவிகள் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. சில கருவிகள் இரத்தத்துக்குப் பதிலாக ஒரு லிட்டர் மூச்சில் எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். அந்த அலகில் 0.14 என்றால் நம் சட்ட வரம்பின் விளிம்பு. அதே 0.14 சதவீதத்தில் வந்தால் 140 மில்லிகிராம்; அந்த நிலையில் வண்டிச் சாவியைத் தொடவே கூடாது. திரையில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அலகைப் பார்க்காதவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

காவல்துறையின் கருவி மூச்சை அளந்து இரத்த அளவாக மாற்றிச் சொல்கிறது. 2,100 மில்லி மூச்சிலுள்ள ஆல்கஹால் 1 மில்லி இரத்தத்திலுள்ளதற்குச் சமம் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றைத்தான் அது அளக்கிறது. ஆகவே கிராம்பு, ஏலக்காய், பாக்கு, வெங்காயம், மோர், எலுமிச்சை எதைத் தின்றாலும் குடித்தாலும் வாடை மாறுமே தவிர அளவு குறையாது. குடித்தவுடனோ ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைக் கொப்பளித்தவுடனோ ஊதினால் வாயில் தங்கியிருப்பது அளவைக் கூட்டிக் காட்டும் என்பது உண்மை. அப்படிச் சந்தேகம் இருந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள்.

மருத்துவமனையில் சிகிச்சைக்காக எடுக்கும் பரிசோதனை பெரும்பாலும் முழு இரத்தத்தில் செய்யப்படுவதில்லை. சீரம் எனப்படும் தெளிந்த பகுதியில் நொதி (என்சைம்) முறையில் செய்யப்படுகிறது. சீரத்தில் நீர் அதிகம் என்பதால் ஆல்கஹாலும் அங்கே 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகத் தெரியும். சீரத்தில் 33 என்று வந்தவருக்கு முழு இரத்தத்தில் 29-ஆக இருக்கலாம். வழக்குக்கும் காப்பீட்டுக்கும் தடய அறிவியல் ஆய்வகம் வாயு நிறப்பகுப்பு (கேஸ் குரோமட்டோகிராபி) முறையில் முழு இரத்தத்தை ஆராய்ந்து தரும் எண்ணே உரியது. சிகிச்சை அறிக்கையை வைத்துக்கொண்டு வாதிடும் குடும்பங்களும், அதையே எடுத்து ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்னும் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடும் இளம் மருத்துவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இன்னொன்று: இந்த மாதிரியை எடுக்கும்போது தோலை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். அளவு பெரிதாக மாறாது என்றாலும், நீதிமன்றத்தில் அந்த ஒரு கேள்வி வழக்கைக் குலைக்கப் போதும். மாதிரி கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு உள்ள குழாயில் நிரப்பி, எடுத்த நேரத்தை எழுதி, குளிர்பெட்டியில் வையுங்கள். நேரம் எழுதப்படாத அளவை விபத்து நடந்த வேளையோடு இணைக்க வழியில்லை.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஏற்காட்டுப் பாதையே சான்று. குடித்த 30 முதல் 90 நிமிடங்களுக்குள் இரத்தத்தில் அளவு உச்சத்தை அடைகிறது. வெறும் வயிறாக இருந்தால் இன்னும் விரைவாக. மேலே கடைசி டம்ளரை முடித்துவிட்டு, “இன்னும் ஏறலை, அதுக்குள்ள இறங்கிடலாம்” என்று கிளம்புகிறவருக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அளவு ஏறிக்கொண்டே போகிறது. புறப்படும்போது உணர்ந்த தெளிவு அடிவாரம் வரை உடன் வராது. மலைக்குளிருக்கு மது ஏறாது என்பதும் தவறு. 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் உடல் சூடேறியதுபோல் தோன்றுவது தோலின் இரத்தக்குழாய்கள் விரிவதால்தான். இரத்தத்திலுள்ள மில்லிகிராம் அதனால் குறைவதில்லை.

மறுநாள் காலையையும் இதே போலத்தான் கணக்கிட வேண்டும். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கிறது. காபியோ குளியலோ வாந்தியோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இரவு 11 மணிக்கு 200 மில்லிகிராம் இருந்தவருக்குக் காலை 7 மணிக்கு 80 இருக்கும். தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டு, குழந்தைகளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துப் புறப்படும் அந்தத் தகப்பனார் தாம் போதையில் இல்லை என்றே நம்புகிறார்.

இந்த எண் எங்களுக்குச் சிகிச்சையிலும் உதவுகிறது, இதை மன்றாடியே சொல்கிறேன். நினைவிழந்து வந்தவருக்கு அளவு 80 மட்டுமே என்றால், அந்த மயக்கத்துக்கு மது காரணம் அன்று. தலைக்குள் இரத்தக்கசிவோ, சர்க்கரை குறைவோ இருக்கலாம். வாடை வருகிறது என்பதற்காக, “தெளிஞ்சா சரியாயிடும்” என்று விழுந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைக்காதீர்கள். சிறிது நேரம் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மயங்குவது மண்டைக்குள் கசிவின் அடையாளமாக இருக்கலாம். எவ்வளவு, எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் முடிவெடுக்க அது தேவை.

மேலே போகும் குழுவில் ஓட்டப்போகிறவர் முதலிலிருந்தே ஒரு சொட்டும் தொடக்கூடாது. அப்படி ஒருவர் இல்லையென்றால் அங்கேயே தங்குங்கள், அல்லது சேலத்துக்கு வரும் பேருந்தில் ஏறுங்கள். வண்டியை மறுநாள் மதியத்துக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம்.