திரை திக்காமல் செயலி ஓடுவது எப்படி?

ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைத் திறந்ததும் இயங்குதளம் அதற்கென ஒரு முதன்மை த்ரெட்டை, அதாவது கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் ஒரு செயல்வரிசையை, உருவாக்குகிறது. விரல் பட்டதை உணர்வதும், பட்டியலை நகர்த்துவதும், திரையை வரைவதும் இந்த ஒரே த்ரெட்டின் பொறுப்பு. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு பிரேமுக்கும் (ஒருமுறை வரையப்படும் திரைக்காட்சி) அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி, 120 ஹெர்ட்ஸ் திரையில் அதிலும் பாதிதான்.

12 மெகாபிக்சல் புகைப்படம் ஒன்று கோப்பாகச் சில எம்பி அளவே இருந்தாலும், பிக்சலுக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் விரியும்போது சுமார் 48 எம்பி ஆகிவிடுகிறது. இவ்வேலையை முதன்மை த்ரெட்டிடம் கொடுத்தால் அது முடியும்வரை பிரேம்கள் தவறி, திரை திக்கும். தொடுதலுக்கு 5 வினாடிகள் பதில் இல்லையென்றால் செயலி பதிலளிக்கவில்லை என்று ஆண்ட்ராய்டே அறிவித்துவிடும். ஆகவே படத்தைப் பின்னணி த்ரெட் ஒன்றில் விரித்து, முடிவை மட்டும் முதன்மை த்ரெட்டிடம் ஒப்படைக்க வேண்டும். திரையிலுள்ளவற்றை மாற்றும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு.

த்ரெட்களைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. வேலை எத்தகையது என்பதே இங்கு முக்கியம். சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் த்ரெட் பிராசசரை ஏறக்குறைய பயன்படுத்துவதே இல்லை என்பதால், ஒவ்வொன்றும் 300 மில்லிவினாடி எடுக்கும் ஆறு கோரிக்கைகளை வரிசையாக அனுப்பினால் 1.8 வினாடியாகும் வேலை, ஒரே நேரத்தில் அனுப்பினால் இணைய வேகம் இடங்கொடுக்கும் பட்சத்தில் 300 மில்லிவினாடியை ஒட்டியே முடிந்துவிடும். கணக்கீடு அப்படியல்ல. பிராசசரில் எட்டு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்ட போனில் ஒரு கணத்தில் எட்டு த்ரெட்களே ஓட முடியும். மிஞ்சியவை முறை வைத்துக் காத்திருக்கும், அவற்றை மாற்றி மாற்றி ஓட்டுவதிலும் நேரம் விரயமாகும். போதாததற்கு, பெரும்பாலான போன்களில் எல்லாக் கோர்களும் ஒரே திறன் உடையவையும் அல்ல. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதப் பயன்படும் காட்லின் மொழியில், வேலைகளைப் பிரித்து த்ரெட்களில் ஓட்ட உதவும் கொரூட்டின்களில் கணக்கீட்டுக்கான த்ரெட்களின் எண்ணிக்கை கோர்களின் எண்ணிக்கையை ஒட்டியும், காத்திருக்கும் வேலைகளுக்கானது இயல்பாக 64 வரையிலும் அமைந்திருப்பது இதனால்தான்.

இவற்றையெல்லாம் விடக் கவலைக்குரியது, த்ரெட்கள் ஒரே தரவைத் தொடுவது. எண்ணிக்கை 10 ஆக இருக்கையில் இரண்டு த்ரெட்கள் அதை ஒருசேரப் படித்து, ஒன்றைக் கூட்டி, இரண்டுமே 11 என்று எழுதினால், வரவேண்டிய 12 காணாமல் போகிறது. சோதனையில் நூறு முறை சரியாக ஓடிய செயலி பயனரின் கையில் பிழைபடுவது பெரும்பாலும் இப்படித்தான். தரவுக்குப் பூட்டு போட்டு த்ரெட்களை ஒவ்வொன்றாக அனுமதிக்கலாம், ஆனால் பூட்டுகள் பெருகினால் த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும். மாறக்கூடிய தரவை ஒரே த்ரெட்டின் பொறுப்பில் விட்டு, மற்றவை அதனிடம் செய்தி அனுப்பும்படி அமைப்பதே பெரும்பாலான செயலிகளுக்கு ஏற்றது.